காலி அட்டை கொண்டுவந்தால்தான் மாத்திரை

"ஸ்ரீராம்புரமா? உங்க ஏரியால காலையில ஒரு சாவி தொலைஞ்சா சாயந்தரத்துக்குள்ள ஆறு டூப்ளிகேட் பண்ணிக் குடுத்துடுவாளேம்மா!"

வேலையில் சேர்ந்த முதல் நாள் ராகவன் சார் என்னைப் பார்த்துச் சொன்னது இது. அவர் எங்கள் மருத்துவமனையின் தலைமை மருந்தாளுநர். சாவி என்று அவர் சொன்னது, மருந்தகத்தின் பின்னறையில் சுவருக்குள் பதித்திருந்த இரும்பு அலமாரியின் சாவி. மார்ஃபினும் அதன் உறவுக்கார மருந்துகளும் அதற்குள் இருந்தன. அதற்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு ஆள். இருவரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். ஒரு சாவி ராகவன் சாரின் பூணூலில் தொங்கியது. இன்னொன்றை வைத்திருந்த அம்மாள் கணவரோடு வெளியூர் போய்விட்டதால் அது என்னிடம் வந்தது. எனக்குப் பூணூல் இல்லை. ஆகவே சுடிதாருக்கு உள்பாக்கெட் தைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னதற்குச் சிரித்தும் வைத்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. புது வேலையில் பெரியவர் ஜோக் சொன்னால் சிரிக்க வேண்டும் என்பது பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது எனக்கு முப்பத்தொன்று. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அப்படித்தான் சொன்னார்கள். இரண்டு மாதம் முன்பு மருத்துவமனை ஒரு மெஷின் அலமாரி வாங்கியது. விரல் வைத்தால் இழுப்பறை திறக்கும், எத்தனை மாத்திரை போயிற்று என்று அதுவே எழுதிக்கொள்ளும். சாவி தேவையில்லை, சாவிக்காரியும் தேவையில்லை. பில்லிங் கவுண்டருக்குப் போகிறாயா என்றார்கள். ராஜினாமா கொடுத்தேன். பிரிவு உபசாரத்தில் சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் கொடுத்து, "நீண்டகால சேவை" என்று பேசினார்கள். சால்வை என் அம்மாவின் வயதுக்குப் பொருத்தமான நிறத்தில் இருந்தது.

மருந்தகத்தில் இருக்கும் இரண்டு சின்னப் பெண்கள் அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அக்கா, சாவி காலத்துல எப்படி இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்களேன், குரூப்ல போடுறோம்." மன்னர் காலத்தைக் கேட்பதுபோல் கேட்டார்கள். எட்டு வருடம்தான் ஆகிறது. சரி, எழுதுகிறேன்.

படித்த கதையை நீட்டப் போவதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடத்துக்குள் போய், முழுதாகப் படித்து வெளியே வந்தவள் நான். அப்பா கட்டைவிரல் வைத்தவர். அம்மாவுக்கும் அப்படித்தான். கார்ப்பரேஷன் பள்ளி, அப்புறம் உதவித்தொகை, அப்புறம் பி.ஃபார்ம். என் கையெழுத்து அழகாக இருக்கும். அதில் எனக்கு அகங்காரம் உண்டு. வீட்டில் முதலில் கையெழுத்துப் போட்டவள், பிறகு எட்டு வருடம் கையெழுத்துப் போட்டே சம்பாதித்தேன்.

வேலை இதுதான். வலி மருத்துவப் பிரிவிலிருந்து சீட்டு வரும். டாக்டரின் பெயர், கையெழுத்து, நோயாளியின் எண் எல்லாம் சரிபார்க்க வேண்டும். அளவு எண்ணிலும் எழுத்திலும் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் சீட்டு திரும்பிப் போகும். அடுத்தது காலி அட்டை. போன முறை கொடுத்த மாத்திரை அட்டைகளை நோயாளி காலியாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். குழிகளை எண்ணுவேன். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் ராகவன் சாரைக் கூப்பிடுவேன்.

அவர் வருவதைப் பார்க்க வேண்டும். சாவியைப் பூணூலிலிருந்து கழற்ற மாட்டார். சட்டையின் இரண்டு பொத்தானைத் திறந்து, சாவியை நுனிவிரலால் வெளியே எடுத்து, பூட்டின் உயரத்துக்குக் குனிவார். பூணூல் நீளம் போதாததால் நெற்றி அலமாரியில் முட்டும். தெரியாதவர்கள் பார்த்தால் இரும்பு அலமாரியைக் கும்பிடுகிறார் என்றே நினைப்பார்கள். பிறகு என் சாவி. நான் எண்ணுவேன், அவர் எண்ணுவார். இருவரும் கையெழுத்துப் போடுவோம். பூட்டியதும் கைப்பிடியை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். நோயாளியின் முகத்தை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. "முகம் ஏமாத்தும்மா, புக் ஏமாத்தாது" என்பார். அடித்தல் திருத்தல் இருந்தால் அந்தப் பக்கத்தைச் சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். என் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் கிடையாது. ஏழாவது வருடத்தில் ஒரு நாள், "உன் புக்கைப் பார்த்தா எங்க அப்பா ஞாபகம் வர்றது" என்றார். அவருடைய அப்பா மைசூர் சமஸ்தானத்தில் குமாஸ்தாவாக இருந்தவராம். அன்றைக்கு நான் மெட்ரோவில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன், உட்காரத் தோன்றவில்லை.

இந்த மருந்து ஆரம்பிக்கும் எல்லோருக்கும் ஒரு ஒப்பந்தப் படிவம் உண்டு. ஒரே டாக்டரிடம்தான் வாங்குவேன், யாருக்கும் கொடுக்க மாட்டேன், சொன்னபடிதான் சாப்பிடுவேன், மீறினால் மருந்து நிறுத்தப்படலாம் என்று நோயாளி சம்மதிக்கும் படிவம். அதைப் படித்துக் காட்டுவதும், கீழே சாட்சிக் கையெழுத்துப் போடுவதும் என் வேலை. கடைசியில் நானே ஒரு வரி சேர்த்துக்கொள்வேன்: "மாத்திரை மிச்சம் இருந்தா கையெழுத்துப் போட்டவங்க பதில் சொல்லணும்." படிவத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கொஞ்சம் பயம் இருக்கட்டுமே என்று சேர்த்தது.

எல்லாவற்றையும் கன்னடத்தில்தான் சொல்வேன். எதிரில் நிற்பவர் தமிழில் பேசினாலும் நான் கன்னடத்தில் பதில் சொல்வேன். வேலையிடத்தில் ஒரே மொழி நல்லது என்று எனக்கு நானே காரணம் வைத்திருந்தேன். நிஜக் காரணம், நான் தமிழில் வாயைத் திறந்தால் மூன்றாவது சொல்லில் என் தெருப் பெயர் தெரிந்துவிடும். அம்மா என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கார்ப்பரேஷன்ல" என்பேன். பொய் இல்லை. கார்ப்பரேஷனில்தான் முப்பது வருடம் தெருப் பெருக்கினாள்.

கன்னியம்மா வந்தது என் ஏழாவது வருடத்தில். நாற்பத்தெட்டு வயது, மல்லேஸ்வரத்தில் தெருப் பெருக்கும் வேலை. இடது விலாவைச் சுற்றி அக்கி வந்திருந்தது. கொப்புளம் காய்ந்து, தழும்பும் மங்கிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. அக்கி நரம்பைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. ஜாக்கெட் துணி பட்டால் தணல் பட்டதுபோல் எரியும். வலது கையால் துடைப்பத்தை வீசினால் இடது விலாவில் கரண்ட் அடிக்கும். நரம்பு வலிக்கு முதலில் கொடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்கவில்லை, அதில் தலை சுற்றிக் காலையில் எழுந்திருக்க முடியாமல் நான்கு நாள் ஆஜர் போனதுதான் மிச்சம். அதனால் அவற்றில் ஒன்றைக் குறைத்துவிட்டு, வலிப் பிரிவின் டாக்டர் ஷைலஜா யோசித்து யோசித்து, மார்ஃபின் மாத்திரையைச் சின்ன அளவில் தொடங்கினார். காலை ஒன்று, இரவு ஒன்று. மார்ஃபின் குடலைக் கட்டிப்போடும் என்பதால் கூடவே ஒரு மலமிளக்கி, படுக்கும்போது.

கன்னியம்மா கொண்டுவந்த காலி அட்டைகளை இன்றைக்கும் மறக்க முடியாது. எல்லாவற்றையும் தட்டையாக நீவி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவருவாள். ஒரு குழியிலும் மிச்சம் இருக்காது. ஒரு நாளும் தவறியதில்லை. புதிதாக வரும் மருந்தாளுநர்களுக்கு அதைக் காட்டி, "நோயாளின்னா இப்படி இருக்கணும்" என்று நான் பாடம் எடுத்திருக்கிறேன்.

ஆனால் வலி குறையவில்லை. டாக்டர் அளவைக் கூட்டினார். மறுபடி வந்தாள், மறுபடி அடுக்கிய அட்டை, அதே வலி. இரண்டாவது முறை கூட்டினார். இப்படி ஏழு மாதம்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எனக்கு டியூட்டி. கேஷுவாலிட்டியிலிருந்து நாலாக்சோன் ஊசி கேட்டு ஓடி வந்தார்கள். அது மார்ஃபினின் பிடியை விடுவிக்கும் மருந்து. எடுத்துக்கொண்டு நானே போனேன். கட்டிலில் கன்னியம்மா. கண்மணி இரண்டும் குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. நர்ஸ் ஒருத்தி கன்னத்தைத் தட்டிக்கொண்டே, "உசிராடி, உசிராடி" என்று, மூச்சு விடச் சொல்லிக் கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினாள். நிமிடத்துக்கு எட்டு. ஆக்ஸிஜன் வைத்து, ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். எட்டு பத்தாயிற்று, பத்து பதினாலாயிற்று. கன்னியம்மா கண்ணைத் திறந்து முதலில் சொன்னது, "மணி இன்னா?"

அங்கிருந்த இளம் டாக்டர் கோப்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த டோஸை மாசக்கணக்கா சாப்பிட்ட உடம்பு இப்படி விழாதே. பழகியிருக்கணுமே. இந்தம்மா இதைச் சாப்பிடவே இல்லை, இல்லேன்னா சேர்த்து வச்சு ஒரேயடியாச் சாப்பிட்டிருக்காங்க. மருந்தகத்துல செக் பண்ணினீங்களா?"

ராகவன் சாருக்குப் போன் செய்தேன்.

"பொழச்சுண்டுட்டாளா?"

"பிழைச்சுட்டாங்க சார்."

"புக் சரியா இருக்கோ?"

"சரியா இருக்கு சார். காலி அட்டை எல்லாம் சரியா வந்திருக்கு."

"அப்ப நமக்கு ஒண்ணும் இல்லைம்மா" என்றார். குரலில் நிஜமான நிம்மதி. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலையில் வார்டுக்குப் போனேன். கன்னியம்மா எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கன்னடத்தில் ஆரம்பித்தேன்.

"தமிழ்லயே பேசு பாப்பா. அஞ்சலை பொண்ணுதானே நீ?"

பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"எப்ப இருந்து தெரியும்?"

"மொத நாளே. உங்கம்மா மாதிரியே மூக்கைச் சுளிக்கிறே. அவளும் நானும் ஒரே மேஸ்திரிகிட்ட எட்டு வருசம் பெருக்கினவங்க. நீ கன்னடத்துல பேசினே. சரி, பொண்ணு பெரிய எடத்துல இருக்குது, நாம எதுக்கு ஒறவு கொண்டாடணும்னு நானும் கன்னடத்துலயே பேசிட்டேன்."

தொழில் கேள்விக்குப் போனேன்.

"நேத்து எத்தினி மாத்திரை போட்டீங்க?"

"மூணு. தங்கச்சி வீட்டுல விசேசம். ஒரு நாளாவது நல்ல ஜாக்கெட்டு போட்டுக்கினு போலாம்னு பார்த்தேன்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல எங்க போடறது? சனிக்கிழமை ராத்திரி ஒண்ணு, ஞாயித்துக்கிழமை ஒண்ணு. லீவு நாளுன்னா வீட்ல இருப்பேன்."

அப்புறம் இட்லியைத் தொட்டுக்கொண்டே சொன்னாள். முதல் பத்து நாள் எல்லாம் சொன்னபடிதான் சாப்பிட்டிருக்கிறாள். படுக்கும்போது போட்ட மலமிளக்கி, விடிந்து ஆறரைக்கு ஆஜர் கொடுத்து, துடைப்பத்தை எடுத்து, ஏழு மணிக்குத் தெரு நடுவில் நிற்கும்போது வேலை காட்டியிருக்கிறது. அந்த வட்டாரத்தில் பெருக்குகிறவர்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனால்தான். அதனால் யாரும் காலையில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஒரு நாள் ஒரு பெரிய வீட்டு மதில் ஓரம் நடந்ததை அவள் முழுதாகச் சொல்லவில்லை. "புடவையை நனைச்சுக்கினு ரெண்டு மணி வரைக்கும் பெருக்கினேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு மலமிளக்கியை நிறுத்தினாள். ஒன்பது நாள் குடல் கல்லாயிற்று. அப்புறம் மார்ஃபினை நிறுத்தினாள். வலியோடு பெருக்கலாம், அந்த அவமானத்தோடு பெருக்க முடியாது.

"மிச்ச மாத்திரையை அட்டையோட கொண்டுவந்து குடுத்திருக்கலாமே!"

"நீதானே படிச்சுக் காட்டினே? மிச்சம் இருந்தா கையெழுத்துப் போட்டவங்க பதில் சொல்லணும்னு. நான் கைநாட்டு. கையெழுத்து உன்னுது. அஞ்சலை பொண்ணுக்கு நம்மளால ஒரு கெட்ட பேர் எதுக்கு? அதான் மாத்திரையைப் பிதுக்கி எடுத்துட்டு, அட்டையை நீவி நீவிக் கொண்டாந்தேன்."

"பிதுக்கினதை எங்க போட்டீங்க? குப்பையிலயா?"

முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டாள். "குப்பையில போட்டா காணாமப் போயிடும்னு படிச்சவங்கதான் நெனைப்பீங்க. அது எங்க போவும், யாரு பிரிப்பாங்க, எந்தப் புள்ளை எடுத்து வாயில போட்டுக்கும்னு எனக்குத் தெரியும் பாப்பா. குப்பையில போடுவேனா?"

"கக்கூஸ்ல போட்டுத் தண்ணி விட்டிருக்கலாம்."

"வீட்டாண்ட இருக்கறது பத்துக் குடித்தனத்துக்குப் பொது, யாராவது பார்த்துடுவாங்க. பெருக்கற தெருவுல ஒண்ணு இருந்திருந்தா எனக்கு இந்தப் பிரச்சினையே இல்லியே."

மாத்திரைகள் ஒரு சாம்பார்ப் பொடி டப்பாவில் இருந்தன. அவள் தங்கை அன்று மாலையே கொண்டுவந்து கொடுத்தாள். மூடியைத் திறந்தால் மல்லி வாசனை. இரண்டு நிறத்தில் முந்நூற்று இருபத்தாறு மாத்திரை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். "கன்னியம்மா எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வராங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நீதான் ஆஸ்பத்திரிப் பேச்சு வீட்ல கூடாது, வீட்டுப் பேச்சு ஆஸ்பத்திரியில கூடாதுன்னு சட்டம் போட்டியே."

சின்ன வயதில் எனக்கு ஒரு காட்சி தினமும் பார்த்துப் பழக்கம். இரண்டரை மணிக்கு அம்மா வருவாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பின்பக்கம் ஓடுவாள். திரும்பி வந்து குடத்தைச் சாய்த்து ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடிப்பாள். அம்மாவுக்குத் தாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பி.ஃபார்ம் முடித்து, மார்ஃபின் குடலை எப்படிக் கட்டும் என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி, முழு மதிப்பெண் வாங்கிய பிறகும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கவுண்டரில் கன்னியம்மாவின் நாள் எப்படிப் போகும் என்று ஆள் வைத்து விசாரிக்காமலே தெரிந்துகொள்ளக்கூடியவள் நான் ஒருத்திதான். அதை மறப்பதற்காகவே கஷ்டப்பட்டுப் படித்தவளும் நான்தான்.

மறுநாள் மருந்தகத்தில் டப்பா என் முன்னால் இருந்தது. எழுதினால் என் புத்தகத்தில் முதல் சிவப்பு மை விழும். அது மட்டும் என்றால் பரவாயில்லை. நோயாளி மாத்திரையைச் சேர்த்துவைத்தது ஆவணமாகிவிடும். ஒப்பந்தப்படி கன்னியம்மாவுக்கு இனி இந்த மருந்து கிடையாது என்று சொல்லிவிடலாம். எழுதாமல் விட்டால், கோப்பில் அவள் தினமும் இவ்வளவு சாப்பிடுகிறவள் என்றே இருக்கும். அடுத்த டாக்டர் அதை நம்பி இன்னும் கூட்டுவார். அடுத்த விசேஷத்துக்கு அவள் நல்ல ஜாக்கெட் போட்டால், மூச்சை எண்ண ஆள் இருக்க மாட்டார்கள்.

சிவப்புப் பேனாவை எடுத்து எழுதினேன். கையெழுத்து வழக்கம்போல அழகாக இருந்தது.

ராகவன் சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இது நம்ம புக்லயே ஏறப்படாதும்மா. வெளில போனது வெளில போனதுதான். ஏழு வருஷப் புக்கும்மா இது!"

"உங்க கையெழுத்து வேணும் சார். ரெண்டு பேர் போடணும்."

இரண்டு நாள் போடவில்லை. அலமாரியைத் திறக்கக் குனிவார், நிமிர்வார், அந்தப் பக்கத்தைத் தாண்டிப் புது வரியில் கையெழுத்துப் போடுவார். மூன்றாம் நாள் நான் கேட்டேன், தமிழில், எங்கள் தெருத் தமிழில்.

"சார், உங்க வீட்டு வாசலைத் தினம் யாரு பெருக்கறாங்க தெரியுமா?"

"ஏன், லக்ஷ்மி. பதினோரு வருஷமா அவதான் வர்றா. ரொம்ப நல்ல மாதிரி."

"அவங்க பேர் கன்னியம்மா சார். எந்தத் தெருன்னு அவங்களையே கேட்டேன். இந்த வரியில இருக்கறவங்க."

அவர் புத்தகத்தைப் பார்த்தார். பெயர் அதில் ஏழு மாதமாக இருந்தது. "இவளுக்கு முன்னாடி அந்தத் தெருல லக்ஷ்மின்னு ஒருத்தி பெருக்கிண்டிருந்தா. அதுக்கப்புறம் வர்ற எல்லாரையும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பேனாவைத் துடைத்தார். கையெழுத்துப் போட்டார். அதை அவர் சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு மெமோ வந்தது: கவனக்குறைவு. கன்னியம்மாவின் மருந்தை நிறுத்துவதா என்று முடிவு செய்ய மூன்று பேர் உட்கார்ந்தார்கள். அவளையும் கூப்பிட்டார்கள், என்னையும். டாக்டர் ஷைலஜா கோபமாக இருந்தார். கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவர் எழுதிய அளவில் ஒரு உயிர் போக இருந்தது.

"ஒவ்வொரு தடவையும் கேட்டேனே! வெளிக்கிப் போறீங்களான்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க டாக்டரம்மா. போறியான்னு கேட்டீங்க. எங்க போறேன்னு கேக்கலியே."

கன்னடத்தில்தான் சொன்னாள். யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த அறைக்கு வெளியே, இடதுபுறம், கைகழுவும் தொட்டியோடு ஒரு கழிவறை இருந்தது. "ஸ்டாஃப் மட்டும்" என்று எழுதியிருந்தது.

மருந்து நிற்கவில்லை. முதலிலிருந்து, மிகச் சின்ன அளவில், வாரத்துக்கு ஒரு முறை பார்த்துப் பார்த்துத் தொடங்கினார்கள். மலமிளக்கியைப் படுக்கும்போது என்றிருந்ததை மத்தியானம் ஒரு மணிக்கு மாற்றினார் டாக்டர். ஒரு மணிக்குப் போட்டால் இரவு வீட்டில் வேலை காட்டும். அவ்வளவுதான். ஏழு மாதமும் ஏறக்குறைய ஒரு உயிரும் கேட்ட திருத்தம் அது ஒன்றுதான். நிர்வாகம் தன் பங்குக்குக் காலி அட்டைப் படிவத்தில் இன்னொரு கட்டம் சேர்த்தது.

ஆனாலும் குடலுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குடித்தால் இடம் வேண்டும். இதை நான் ராகவன் சாரிடம் சொன்னேன். மல்லேஸ்வரத்தில் அவருடையது அந்தக் காலத்து வீடு. பின்கட்டில் வெளிக் கழிவறை ஒன்று உண்டு என்று அவரே முன்பு சொல்லியிருக்கிறார். "அதுல பழைய பேப்பரும் தென்னை மட்டையும்னா கிடக்கு" என்றார். "ஆத்துல கேட்டுச் சொல்றேன்" என்றார். ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஒரு சாவியை மேஜையில் வைத்தார். பித்தளைச் சாவி, நூல் கட்டியிருந்தது. "பின் கேட்டோட சாவி. கன்னியம்மாட்ட குடுத்துடு. மட்டை எல்லாம் எடுத்தாச்சு, குழாயும் போட்டாச்சு." பேரைக் கொஞ்சம் நிறுத்தி, சரியாகச் சொன்னார். "அவ ஒருத்திக்குத்தான், தெரிஞ்சுதா? ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். இதை எந்தப் புக்லயும் ஏத்த வேண்டாம்."

மறுநாள் காலையில் கொடுத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் ஸ்ரீராம்புரத்தில் அதற்கு ஆறு டூப்ளிகேட் போட்டாயிற்று. அந்த மேஸ்திரியிடம் பெருக்கும் பெண்கள் கன்னியம்மாவோடு சேர்த்து ஏழு பேர்.

ராகவன் சார் எட்டு வருடம் முன்பு சொன்னது அப்படியே பலித்தது. அவருக்குத் தெரிய பத்து நாள் ஆனது. "என்னம்மா இது, பின்கட்டுல மூணு செருப்பு கிடக்கு!" என்றார். "நீங்கதான் சார் மொத நாளே சொன்னீங்களே" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். எட்டு வருடத்தில் அவர் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான். பிறகு சட்டைப் பொத்தானைத் திறந்துகொண்டு அலமாரியை நோக்கிக் குனிந்தார். பூட்டை மாற்றவில்லை.

கன்னியம்மாவுக்கு வலி போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஜாக்கெட் போட முடிகிறது, பெருக்க முடிகிறது, இரவில் இடது பக்கம் திரும்பிப் படுக்க மட்டும் இன்னும் முடியவில்லை. அதன் பிறகு அவள் அட்டையில் சில சமயம் ஒன்றிரண்டு மாத்திரை மிச்சம் இருக்கும். நீவாமல், மடங்கியபடி கொண்டுவருவாள். நான் இருந்தவரை அதை எழுதிக்கொண்டேன். புதிய மெஷினில் மிச்ச மாத்திரைக்கு இழுப்பறை இல்லை என்று அந்தச் சின்னப் பெண்கள் சொன்னார்கள். குரூப்பில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி நான். கடிகாரத்தை ஆணி அடித்து மாட்டிவிட்டேன், வீட்டில் அல்ல. ஸ்ரீராம்புரத்திலிருந்து மல்லேஸ்வரம் போகும் வழியில், அவர்கள் ஆஜர் கொடுக்கும் இடத்துக்கு நாலு கடை தள்ளி, ஒரு மெடிக்கல் ஷாப் எடுத்திருக்கிறேன். உரிமம் என் பெயரில் வந்துவிட்டது. மார்ஃபின் அதில் இருக்காது. அதற்கு இந்த உரிமம் போதாது. மற்ற மருந்து இருக்கும், காலை ஆறு மணிக்குத் திறக்கும். சீட்டு கொண்டுவருகிறவர்களிடம், வேலைக்கு எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்று முதலில் கேட்பேன். எந்த மொழியில் பேசுகிறார்களோ அந்த மொழியில்.

கடையின் முன்பக்கம், தெருவைப் பார்த்து, ஒரு கழிவறை கட்டச் சொன்னேன். வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. "கடைக்கு வர்றவங்க மருந்து வாங்கத்தானே வருவாங்க?" என்றார். நேற்று பிளம்பர் வந்து குழாயை முடித்துக் கொடுத்தார். தச்சர் கதவு மாட்டிவிட்டு, வெளியே பூட்டு எந்த அளவில் வேண்டும் என்று கேட்டார். உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும் போடச் சொன்னேன். போட்டுவிட்டார்.